லண்டன் சிட்டியில் புளூம்பெர்க் அலுவலகக் கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனின் பழைய நிதி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் திறக்கப்பட்ட, நிதிச் செய்திகளும் தரவுகளும் வழங்கும் புளூம்பெர்க் நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம், பசுமைக் கட்டடம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எடுத்துக்காட்டப்படும் கட்டடங்களுள் ஒன்று. அதைப் புகழ்வோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குறை சொல்வோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டடக் கலை படிப்போரும் கட்டுமானத் துறையில் இருப்போரும் லண்டனுக்குப் போய்வரும் ஆர்வலர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இந்தக் கட்டடம் சரியாக எங்கே இருக்கிறது? யார் வடிவமைத்தார்கள்?

குவீன் விக்டோரியா தெரு, கேனன் தெரு, வால்புரூக் ஆகிய மூன்று தெருக்களுக்கு நடுவே 3.2 ஏக்கர் மனையில் இருக்கிறது. பேங்க் ஆஃப் இங்கிலாந்திலிருந்து நடந்தே சில நிமிடங்களில் வந்துவிடலாம். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. மொத்தப் பரப்பு சுமார் 11 லட்சம் சதுர அடி. வெளியிலிருந்து ஒரே கட்டடமாகத் தோன்றினாலும் உண்மையில் இவை இரண்டு கட்டடங்கள். இடையில் பொதுமக்கள் நடக்கும் பாதை செல்ல, மேலே பாலங்கள் இரண்டையும் இணைக்கின்றன. நகரில் சிதறியிருந்த ஏறத்தாழ 4,000 பணியாளர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதே நிறுவனத்தின் நோக்கமாக இருந்தது.

'சிட்டி'யில் கட்டுவது மற்ற இடங்களில் கட்டுவதைவிட எவ்வகையில் வேறுபட்டது?

சிட்டி என்பது லண்டன் முழுவதையும் குறிக்கும் சொல் அல்ல. ரோமானியர் அமைத்த லண்டினியம் என்ற ஊர் இருந்த இடத்தை ஒட்டி, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில் அமைந்த, தனக்கென்று தனி நிர்வாகம் கொண்ட பகுதி அது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அங்கேதான் வேர்விட்டன. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1694இல் தொடங்கப்பட்டு, 1734 முதல் திரெட்நீடில் தெருவில் இயங்குகிறது. அப்படிப்பட்ட ஊரில் எங்கு கடைக்கால் தோண்டினாலும் ஏதாவது ஒரு நூற்றாண்டின் மீது மண்வெட்டி படும்.

நிலத்துக்கு மேலேயும் கட்டுப்பாடுகள் உண்டு. 1933இல் குவீன் விக்டோரியா தெருவில் ஃபாரடே பில்டிங் என்ற தொலைபேசி நிலையம் எழுந்து, தேம்ஸ் நதிப் பக்கமிருந்து செயின்ட் பால் பேராலயத்தின் தோற்றத்தை மறைத்தபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாக, பேராலயத்தைச் சுற்றிய உயரக் கட்டுப்பாடு 1930களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சிட்டியின் கிழக்குப் பகுதியில் 278 மீட்டர் உயரத்தில் 22 பிஷப்ஸ்கேட் என்ற அலுவலகக் கோபுரம் நிற்கிறது. புளூம்பெர்க் கட்டடமோ அண்டை வீடுகளோடு தோள் ஒட்டி நிற்கும் உயரத்தோடு நின்றுவிட்டது. அதன் ஒருபுறம் கிறிஸ்டோபர் ரென் கட்டிய 17ஆம் நூற்றாண்டுத் தேவாலயமான செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தின் குவிமாடத்தை இது அமுக்கவில்லை. என் கணக்கில், இந்தக் கட்டடம் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

அந்த மனையில் இதற்கு முன் என்ன இருந்தது?

1950களில் எழுப்பப்பட்ட பக்லர்ஸ்பரி ஹவுஸ் என்ற 14 மாடி அலுவலகக் கட்டடம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பாழான மனை அது. கட்டுமானம் தொடங்குமுன் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே அகழாய்வு நடத்தினார். 1954 செப்டம்பர் 18 அன்று, அகழாய்வுக்குக் குறித்திருந்த கடைசி நாளில், ரோமானியர் வழிபட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தின் பளிங்குத் தலை மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அதுவரை 'ஏதோ பழைய சுவர்' என்று கருதப்பட்டது கி.பி. 240 வாக்கில் எழுந்த மித்ராஸ் கோயில் என்பது அப்போதுதான் உறுதியானது.

செய்தி பரவியதும் லண்டன் மக்கள் திரண்டுவிட்டார்கள். நாளொன்றுக்கு 30,000 பேர் வரை வரிசையில் நின்றார்கள். மொத்தம் சுமார் 4 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. கோயிலை என்ன செய்வது என்ற கேள்வி சர்ச்சிலின் அமைச்சரவை வரை சென்றது. கடைசியில் கற்களைப் பெயர்த்து எடுத்துவைத்து, 1962இல் சுமார் 100 மீட்டர் தள்ளி ஒரு கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் அடுக்கினார்கள். சிமென்ட் சாந்து பூசி, தரைக்குத் துண்டுக் கற்களைப் பதித்து, நிலத்துக்குள் இருள் சூழ்ந்த குகை போல் இருக்க வேண்டிய வழிபாட்டிடத்தை வெட்டவெளியில், போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. ஒரு கோயிலைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு அதன் உயிரை எடுத்துவிடலாம் என்பதற்கு இதைவிட வருத்தமான சான்று தேட வேண்டியதில்லை.

புதிய கட்டடம் கட்டியபோது அகழாய்வு நடந்ததா?

நடந்தது, அதுவும் பெரிய அளவில். 2010 முதல் 2014 வரை லண்டன் அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவாகத் தொடங்கிய மோலா அங்கே தோண்டியது. 14,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. பொதுவாக மரமும் தோலும் மண்ணில் மட்கிப்போகும். ஆனால் இந்த மனைக்கு அடியில் வால்புரூக் என்ற சிற்றாறு ஒருகாலத்தில் ஓடியது; பிற்காலத்தில் மூடப்பட்டு, தெருவின் பெயரில் மட்டும் மிஞ்சிய ஆறு அது. அதன் ஈரச் சேற்றுக்குள் காற்றுப் புகாததால் மரம் மரமாகவே இருந்தது. தோல் செருப்புகூட உருக்குலையாமல் வந்தது.

எல்லாவற்றிலும் அரியவை, 400க்கும் மேற்பட்ட மரப் பலகை ஏடுகள். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத்தக்க மெல்லிய பலகை. நடுவில் சற்றே குழித்து, அதில் கரிய மெழுகை நிரப்பி, எழுத்தாணியால் எழுதுவார்கள். நம் ஓலைச்சுவடிக்கு எழுத்தாணி என்ன வேலை செய்ததோ அதே வேலை. மெழுகு எப்போதோ போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதியவர்களின் கை, மெழுகையும் தாண்டி மரத்தில் கீறல் விட்டிருந்தது. பலகையின் மீது பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி, அந்தக் கீறல்களின் நிழலைப் படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்ட பல வரிகளைப் பிரித்து வாசித்தவர் ரோமானியக் கையெழுத்துகளில் தேர்ந்த அறிஞர் ரோஜர் டாம்லின். 80க்கும் மேற்பட்ட ஏடுகளில் வாசகம் தேறியது.

அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 என்று நாள் குறித்தது. திபுல்லஸ் என்ற விடுதலை பெற்ற அடிமை, கிராட்டஸ் என்ற இன்னொரு விடுதலை பெற்ற அடிமைக்கு, விற்றுக் கொடுத்த சரக்கின் விலையில் 105 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) பாக்கி வைத்திருப்பதாக ஒப்புக்கொள்ளும் கடன் சீட்டு அது. அன்றைய ரோமானியப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ் என்பதால், தொகை சிறியதல்ல. பிரிட்டனில் கிடைத்துள்ள, நாள் குறித்த கையெழுத்து ஆவணங்களில் இதுவே மிகப் பழையது. இன்னொரு ஏடு கி.பி. 62 அக்டோபர் 21 தேதியிட்டது. வெருலாமியம் என்ற ஊரிலிருந்து லண்டனுக்கு இருபது சுமை உணவுப்பொருள் ஏற்றிவர ஒப்பந்தம். அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்புதான், ரோமானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பூடிக்கா அரசியின் படை லண்டனையும் வெருலாமியத்தையும் எரித்துச் சாம்பலாக்கியிருந்தது. ஊர் எவ்வளவு விரைவில் எழுந்து நின்று வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது என்பதை வேறெந்த வரலாற்று நூலும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. எழுத்துப் பழகும் ஒருவர் அகரவரிசையை எழுதிப் பார்த்த ஏடும் கிடைத்திருக்கிறது.

'98.5 சதவீதம்' என்ற மதிப்பெண் எதைக் குறிக்கிறது?

பிரிட்டனில் 1990 முதல் நடைமுறையில் இருக்கும் பிரீயம் என்ற மதிப்பீட்டு முறையில் இந்தக் கட்டடம் பெற்ற மதிப்பெண் அது. ஆற்றல், நீர், கட்டுமானப் பொருள், கழிவு, போக்குவரத்து, உள்ளே இருப்போரின் உடல்நலம், நிலப் பயன்பாடு, மாசு என்று பல தலைப்புகளில் புள்ளி கொடுத்துக் கூட்டுவார்கள். 85 அல்லது அதற்கு மேல் எடுத்தால் உச்ச தரமான 'அவுட்ஸ்டாண்டிங்' கிடைக்கும். பெரிய அலுவலகக் கட்டடம் எதுவும் அதுவரை 98.5 எடுத்ததில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது வடிவமைப்பு நிலையில் கொடுக்கப்பட்ட மதிப்பெண். அதாவது வரைபடத்தையும் கணக்கையும் பார்த்து அளித்தது. ஆள்கள் குடிவந்து, விளக்கும் கணினியும் இரவு பகலாக ஓடிய பிறகு மீட்டரில் வரும் கணக்கு வேறாக இருக்கக்கூடும். எந்தப் பசுமைக் கட்டடத்துக்கும் இது பொருந்தும். அடுத்து, பல தலைப்புகளின் புள்ளிகளை ஒன்றாகக் கூட்டும்போது, ஒன்றில் விட்ட குறையை இன்னொன்றில் பெற்ற நிறை மூடிவிடுகிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கட்டடத்தை எடைபோடுவது, தேர்ச்சி அட்டையின் கடைசி வரியை மட்டும் பார்த்துப் பிள்ளையை எடைபோடுவது போன்றது.

வெளிப்புறத்தில் தெரியும் வெண்கலத் தகடுகள் அலங்காரத்துக்காகவா?

அலங்காரமும் உண்டு, வேலையும் உண்டு. கல் தூண்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பின் முன்பும் பெரிய வெண்கலத் தகடுகள் மீனின் செவுள்களைப் போல வரிசையாக நிற்கின்றன. வெயில் எந்தத் திசையில் எவ்வளவு படுகிறதோ அதற்கேற்ப அவற்றின் அளவும் சாய்வும் நெருக்கமும் முகப்புக்கு முகப்பு மாறும். நேர் வெயிலைத் தடுத்து நிழல் தருவது ஒரு வேலை.

காற்றுக்கு வழிவிடுவது இன்னொன்று. குளிரோ வெப்பமோ மிகையில்லாத நாள்களில், தகடுகளை ஒட்டிய காற்றுவழிகள் திறந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று தளத்தின் குறுக்கே நகர்ந்து, சற்றுச் சூடேறி, கட்டடத்தின் நடுவிலுள்ள திறந்த வெளி வழியாக மேலெழுந்து கூரையில் வெளியேறும். பெரிய விசிறிகளுக்கும் குளிரூட்டும் இயந்திரங்களுக்கும் அந்த நேரத்தில் ஓய்வு. தெரு இரைச்சலையும் அதே வழியில் உள்ளே விட்டுவிடக்கூடாது என்பதால், காற்றுவழிக்குள் ஓசையை உறிஞ்சும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அந்தந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கார்பன் டை ஆக்சைடு அளவைக்கொண்டு உணர்ந்து, ஆளுக்கேற்ற அளவு காற்றை மட்டும் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. இந்த ஏற்பாட்டால் ஆண்டுக்கு 600 முதல் 750 மெகாவாட் மணி மின்சாரம் மிச்சமாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

உள்கூரையில் உள்ள 'இதழ்கள்' என்ன செய்கின்றன?

எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வழக்கமான அலுவலகத்தில் உள்கூரைக்கு மேலே காற்றுக் குழாய் ஒருபுறம், விளக்கு ஒருபுறம், தீயணைப்புத் தெளிப்பான் ஒருபுறம் என்று நாலு ஒப்பந்ததாரர்கள் நாலு வேலை செய்து, கடைசியில் ஒரு பலகையால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். இங்கே மெருகேற்றிய அலுமினியத்தில் பூவிதழ் வடிவத்தில் வளைத்த 25 லட்சம் சிறு தகடுகள் உள்கூரை முழுக்கத் தொங்குகின்றன. அவற்றின் பின்னால் குழாய்களில் ஓடும் நீர், தேவைக்கேற்ப அறையைக் குளிர்விக்கும் அல்லது வெதுவெதுப்பாக்கும். இதழ்கள் விரிந்த பரப்புடன் அந்தக் குளிர்ச்சியை அறைக்குள் கடத்தும். அவற்றின் மினுமினுப்பு, ஊடே பதித்த 5 லட்சம் எல்.இ.டி. விளக்குகளின் ஒளியைச் சிதறடித்துக் கண்ணுக்கு இதமாக்கும். அவற்றின் வளைவு பேச்சொலியை உடைக்கும். ஒரே பொருள் நாலு வேலை பார்க்கிறது. வழக்கமான குழல்விளக்கு அலுவலகத்தோடு ஒப்பிட்டால் விளக்குக்கான மின்செலவு 40 சதவீதம் குறைவு.

தண்ணீர்ச் சிக்கனம் எப்படி?

கூரையில் விழும் மழைநீர், குளிரூட்டும் இயந்திரங்களின் வெப்பத்தை வெளியேற்றும் கூலிங் டவரிலிருந்து வெளியேற்றப்படும் நீர், கை கழுவும் தொட்டிகளிலும் குளியலறைகளிலும் இருந்து வடியும் நீர் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சுத்திகரித்துக் கழிப்பறைகளுக்கு அனுப்புகிறார்கள். கழிப்பறைகளோ விமானத்தில் இருப்பதைப் போல, காற்றின் உறிஞ்சு விசையால் இயங்குபவை; ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு நீரே போதும். ஆகவே கழிப்பறைக்கென்று மாநகரக் குழாய்நீர் செலவாவதில்லை. வழக்கமான அலுவலகத்தைவிட 73 சதவீதம் நீர் மிச்சம், ஆண்டுக்கு 2.5 கோடி லிட்டர்.

மின்சாரம் கட்டடத்திலேயே தயாராகிறதா?

ஒரு பகுதி தயாராகிறது. எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுத்து, அப்போது வீணாகும் வெப்பத்தையும் விடாமல் பிடித்து, குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கவும் கோடையில் குளிர்விக்கவும் பயன்படுத்தும் இயந்திரம் உள்ளே இருக்கிறது. திட்டமிட்ட காலத்தில் இது மெச்சத்தக்க ஏற்பாடு. ஏனெனில் அன்றைய பிரிட்டன் மின்கட்டமைப்பில் நிலக்கரிக்குப் பெரும் பங்கு இருந்தது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. காற்றாலை மின்சாரம் பெருகிவிட்டது. இந்நிலையில் கட்டடத்துக்குள் எரிவாயு எரிப்பதால் கிடைக்கும் நன்மை ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. வடிவமைப்பாளர்களின் தவறு என்று இதைச் சொல்ல மாட்டேன். இயந்திரத்தை மாற்றலாம், கட்டடத்தை மாற்ற முடியாது என்பதால், சுவரும் காற்றுவழியும் உள்கூரையும் சரியாக அமைந்திருப்பதே நெடுங்காலத்துக்கு முக்கியம்.

600 டன் வெண்கலத்தை இறக்குமதி செய்த கட்டடத்தைப் பசுமை என்று சொல்வது நியாயமா?

மிகவும் நேர்மையான கேள்வி. வெண்கலத் தகடுகள் ஜப்பானிலிருந்து வந்தன. கிரானைட் இந்தியாவிலிருந்து வந்தது. முகப்பின் 9,600 டன் மணற்கல் இங்கிலாந்தின் டார்பிஷயரிலிருந்து வந்தது. பரிசும் பாராட்டும் குவிந்தபோதே விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். உலோகத்தை உருக்கவும் கல்லை வெட்டவும் கான்கிரீட் ஊற்றவும் கடல்கடந்து கொண்டுவரவும் ஆன கார்பன், கட்டடத்தின் கதவு திறப்பதற்கு முன்பே காற்றில் கலந்துவிட்டது. இதைப் பொதிந்த கார்பன் என்பார்கள். பின்னாளில் சேமிக்கும் மின்சாரம் அதைத் திரும்பப் பிடித்துத் தராது; இனி சேரப்போவதை மட்டுமே குறைக்கும்.

இதற்கு வடிவமைப்பாளர் தரப்பில் சொல்லத்தக்க ஒரே வலுவான விடை, ஆயுள். வெண்கலம் துருப்பிடித்து உதிராது. காலம் போகப் போகப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறி நிற்கும். கட்டடம் போனாலும் உருக்கி மறுபடி வார்க்கலாம். மணற்கல்லும் தலைமுறைகளைத் தாங்கும். அதே மனையில் நின்ற பக்லர்ஸ்பரி ஹவுஸ் அரை நூற்றாண்டுதான் நின்றது. புதியதும் 50 ஆண்டில் இடிக்கப்படுமானால், 98.5 என்ற எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. அத்தனை வெண்கலமும் வீண். 150 ஆண்டு நின்றால், ஓர் ஆண்டுக்கு விழும் பங்கு மூன்றில் ஒன்றாகக் குறையும். எனவே இக்கட்டடம் பசுமையானதா என்ற கேள்விக்கு முழு விடையை 2017இல் எந்த மதிப்பீட்டுக் குழுவாலும் சொல்லியிருக்க முடியாது. நிறுவனம் இடம் மாறினாலும், வேலை செய்யும் முறையே மாறினாலும், இன்னொருவர் வந்து பயன்படுத்தும்படி இதைப் பேணுவார்களா என்பதில்தான் அந்த விடை இருக்கிறது. பொறுப்பு இப்போது கட்டியவர்களிடமிருந்து வைத்திருப்பவர்களிடம் கைமாறிவிட்டது.

இதே திட்டம் இன்று வந்தால் அனுமதி கிடைக்குமா?

கேள்விகள் கூடுதலாக இருக்கும். 2021இல் வந்த லண்டன் திட்ட விதிகளின்படி, பெரிய கட்டடங்கள் தமது முழு ஆயுள் கார்பன் கணக்கைக் காட்ட வேண்டும். சிட்டி நிர்வாகமும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இடித்துக் கட்டுவதற்கு முன் பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டே புதுப்பிக்க முடியுமா என்பதை ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறது. நல்ல மாற்றம், வெகு முன்பே வந்திருக்க வேண்டியது.

அங்கே வேலை செய்யாத பொதுமக்களுக்கு இதனால் என்ன பயன்?

இரு கட்டடங்களுக்கு நடுவே செல்லும் புளூம்பெர்க் ஆர்கேட் என்ற நடைபாதை, ரோமானியர் காலத்து வாட்லிங் தெருவின் தடத்தை மறுபடி திறந்துவிட்டிருக்கிறது, இருபுறமும் உணவகங்கள். மூலைச் சதுக்கங்களில் கிறிஸ்டினா இக்லேசியாஸ் என்ற சிற்பி, மறைந்துபோன வால்புரூக் ஆற்றை நினைவூட்டும் நீர்ச் சிற்பங்களை அமைத்திருக்கிறார்: வேரும் இலையும் சேறும் போல வார்த்த வெண்கலத்தின் மேல் மெல்லத் தண்ணீர் ஏறி வடிகிறது. பேங்க் சுரங்க ரயில் நிலையத்துக்குப் புதிய வாசல் ஒன்றும் வால்புரூக் பக்கத்தில் 2018 இறுதியில் திறக்கப்பட்டது.

ஸ்டிர்லிங் பரிசு கிடைத்தது உண்மையா?

உண்மை. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் ஆண்டுதோறும் வழங்கும் அந்தப் பரிசை 2018இல் பெற்றது.

உள்ளே சென்று பார்க்க முடியுமா?

அலுவலகத் தளங்களுக்குள் பொதுமக்கள் செல்ல இயலாது. பணியாளர்கள் லிஃப்டில் ஆறாம் தளத்துக்கு ஏறி, செயின்ட் பால் பேராலயம் தெரியும் சிற்றுண்டிக் கூடத்தைக் கடந்து, வெண்கலம் பொதிந்த சுழல் சாய்வுப்பாதை வழியாக நடந்தே தங்கள் தளங்களுக்கு இறங்குகிறார்கள் என்பதைப் படங்களில்தான் காண வேண்டும்.

ஆனால் கட்டடத்துக்குக் கீழே எல்லோரும் இறங்கலாம். கார் நிறுத்துமிடத்தின் கூரையில் கிடந்த மித்ராஸ் கோயில், தன் முதல் இடத்துக்கு மிக அருகில், இன்றைய தெருவுக்கு 7 மீட்டர் கீழே, ரோமானியர் நடந்த மட்டத்திலேயே மறுபடி அமைக்கப்பட்டு, 2017 நவம்பரில் லண்டன் மித்ரேயம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. 1962இல் பூசிய சிமென்டை நீக்கி, சுண்ணாம்புச் சாந்தில் கல்லை வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, முன்பதிவு செய்துகொண்டு செல்வது நல்லது. இறங்குவதற்கு முன், தரைத்தளத்தில் 600க்கும் மேற்பட்ட பொருள்களை வைத்துள்ள கண்ணாடிச் சுவரின் முன் சற்று நேரம் நில்லுங்கள். செருப்பும் காசும் ஊசியும் இருக்கும் அதே சுவரில், மெழுகு போய்க் கீறல் மட்டும் மிஞ்சிய மர ஏடுகளும் இருக்கின்றன.